தீர விசாரிப்பதே மெய்

(ஆண்டுத் திருவிழாவையொட்டி ஆலயத் திருமண்டபத்தில் நடைபெற்ற உடல்நலச் சிறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைவர் அவர்கள் என்னை அழைத்தபோது அம்மன் திருவிழாவின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறுதான் பணித்தார்கள். அதனைப் பேசத் தகுதி வாய்ந்த சான்றோர் இம்மண்டபத்தில் பலர் உளர். நான் சமய அறிஞனும் அல்லன், மருத்துவனும் அல்லன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, பின்னர் அரசாங்கப் பணியில் அமர்ந்து, கோப்புகளோடு காலம் கழிப்பவன். ஆயினும் ஒரு பொருளைப் பற்றி உங்கள்முன் பேசியே ஆகவேண்டிய கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன். உணவுக்குழல், இரைப்பை, குடல் ஆகியவற்றில் தோன்றும் கட்டிகளை மருத்துவ உலகம் எவ்வாறு கண்டறிகிறது என்பதே அப்பொருள்.

அம்மன் சந்நிதிக்கு அருகில் நின்று குடலையும் மலத்தையும் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். உடலையே ஆலயமாகக் கண்ட திருமூலர் மரபில் வந்தவர்கள் நாம். ஆலயத்தின் கூரையில் ஒரு துளி நீர் கசிந்தாலும் உடனே செயலவையைக் கூட்டுகிறோம். உடலாகிய ஆலயத்தில் இரத்தமே கசிந்தாலும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் என் குடும்பத்தில் ஓர் உயிரைக் கொண்டு போயிற்று.

மறைத்த நோய்

என் அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் எங்கள் தந்தை பால்மரம் வெட்டினார். அண்ணன் இடைநிலைப்பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு லோரி ஓட்டியதால்தான் நான் மேலே படிக்க முடிந்தது. ஆண்டு தவறாமல் பால்குடம் ஏந்துபவர். ஒரு திருவிழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்னர் அவருக்கு மலத்தோடு இரத்தம் போயிற்று. "இது மூலம்" என்று தாமே தீர்ப்பளித்துக் கொண்டார். அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். உடல் சூடு என்றார் ஒருவர். காரத்தைக் குறைக்கச் சொன்னார் மற்றொருவர். கருணைக்கிழங்கு, கற்றாழை, மருந்துக்கடைக் களிம்பு என்று மாதங்கள் கழிந்தன. உடல் மெலிந்தது, விரதத்தால் மெலிந்தது என்றோம். படியேறினால் மூச்சு வாங்கியது, வயதாகிறது என்றோம். அவருக்கு அப்போது வயது 52 மட்டுமே.

பதினான்கு மாதங்கள் சென்றபின் வயிறு உப்பி, மலம் அடைத்து, தாங்க முடியாத வலியோடு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். குடல்நோக்கிக் கருவியைச் செலுத்தினார்கள். பெருங்குடலின் இடப்பக்கத்தில் கட்டி வளர்ந்து வழியை அடைத்துக் கொண்டிருந்ததால் கருவி அதற்கு அப்பால் செல்ல இயலவில்லை. கட்டியிலிருந்து சிறு துணுக்குகளைக் கிள்ளி எடுத்தார்கள். மருத்துவர் என்னிடம், "பார்வைக்குப் புற்றுநோய் போல்தான் தெரிகிறது. ஆனால் நோய்க்குறியியல் அறிக்கை வராமல் நான் அப்படிச் சொல்லக் கூடாது" என்றார். கண்ணால் பார்த்தபின்னும் ஏன் சொல்லக் கூடாது என்று அன்று எனக்குச் சினம் எழுந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

அறிக்கை வந்தது, புற்றுநோய்தான். வருடிப் படத்தில் கல்லீரலிலும் அது பரவியிருந்தது தெரிந்தது. பதினொரு மாதங்களில், தமது 53ஆம் வயதில், அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. அண்ணன் காதால் கேட்டதை நம்பினார். மருத்துவர் தம் கண்ணையும்கூட நம்பாமல் தீர விசாரிக்க விரும்பினார். இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவே என் உரையின் சாரம்.

உள்ளே காணும் கண்

உயிரோடு இருக்கும் மனிதனின் வயிற்றுக்குள்ளே பார்ப்பது என்பது நெடுங்காலம் எட்டாக் கனியாகவே இருந்தது. 1868ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியாக நேரான குழாய் ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். குழாய் உள்ளே சென்றது. ஆனால் காண்பதற்குப் போதிய ஒளி இல்லை. 1932இல் ருடோல்ஃப் ஷிண்ட்லர் ஓரளவு வளையக்கூடிய கருவியைக் கொண்டு வந்தார்.

பெருந்திருப்பம் 1954இல் நிகழ்ந்தது. மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டினால், அக்கற்றை வளைந்திருப்பினும் ஒரு முனையில் விழும் படிமத்தை மறுமுனையில் காணலாம் என்பதை இலண்டனில் ஹரோல்ட் ஹாப்கின்ஸ் என்பவரும், அவரிடம் ஆய்வு செய்துவந்த நரீந்தர் சிங் கபானி என்பவரும் நிறுவினர். கபானி பஞ்சாப் மாநிலத்தின் மோகா என்னும் ஊரில் பிறந்தவர். நம்மவர் ஒருவரின் உழைப்பு இதில் கலந்திருப்பது நமக்குப் பெருமையே. அதனைக் கொண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957இல் வளையும் இரைப்பைநோக்கியை உருவாக்கினார். அதை முதலில் தாமே விழுங்கிப் பார்த்த பின்னரே நோயாளிக்குப் பயன்படுத்தினார் என்பது எண்ணிப் போற்றத்தக்கது. 1969இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகிய இருவரும், வயிற்றைக் கிழிக்காமல் குடல்நோக்கி வழியாகவே கம்பிச் சுருக்கைச் செலுத்திப் பெருங்குடல் முளைகளை அறுத்தெடுத்தனர். அதுவரை கண்ணாக மட்டும் இருந்த கருவி அன்று முதல் கையும் ஆயிற்று.

இன்றைய கருவி விரல் பருமனுள்ள வளையும் குழாய். அதன் நுனியில் சிறு ஒளிப்படக் கருவியும் விளக்கும் உள்ளன. வாய் வழியாகச் செலுத்தினால் உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கப் பகுதி ஆகியவற்றைக் காணலாம். ஆசனவாய் வழியாகச் செலுத்தினால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் முழுவதையும் காணலாம். மயக்க மருந்து ஊசி போடுவதால் பெரும்பாலோர்க்கு வலி நினைவில் நிற்பதில்லை. குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. எனினும் அது பொதுவாக ஆயிரத்தில் ஒருவர் அளவுக்கும் குறைவே.

கண் மட்டும் போதாது

இவ்வளவு தெளிவாகக் காணும் கருவி இருந்தும் அது ஏன் போதவில்லை? சில எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறேன். இரைப்பையில் ஒரு புண் இருக்கிறது. பார்ப்பதற்குச் சாதாரணப் புண் போலவே இருக்கும். அதன் விளிம்பில் புற்று ஒளிந்திருக்கக்கூடும். ஆதலால்தான் மருத்துவர் ஒரே இடத்தில் அன்றி, விளிம்பைச் சுற்றிப் பல இடங்களில் துணுக்கு எடுக்கிறார். இதற்கு நேர்மாறாக, சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தில் கட்டி ஒன்று தெரிகிறது. புற்று என்றே கண் சொல்லும். ஆனால் அது குடல் காசநோயாக இருக்கக்கூடும். காசநோய் நம் வட்டாரத்தில் இன்னும் ஒழியவில்லை. காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை, புற்றுக்கு அறுவை. ஒன்றை மற்றொன்றாகக் கருதினால் விளையும் கேட்டை நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டிகளிலும் வகை பல உண்டு. குடலின் உட்சவ்விலிருந்து தோன்றுவது ஒரு வகை; சவ்வுக்கு அடியிலுள்ள திசுவிலிருந்து எழுவது இன்னொரு வகை; நிணநீர் உயிரணுக்களிலிருந்து பிறப்பது மற்றொரு வகை. இரைப்பையில் தோன்றும் நிணநீர்க் கட்டிகளில் ஒரு வகை, கிருமியை ஒழிக்கும் மாத்திரைகளாலேயே பலருக்குக் கரைந்து விடுகிறது. இவை மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றலாம், மருந்தோ வெவ்வேறு. திருக்குறளில் மருந்து என்றே ஓர் அதிகாரம் உள்ளது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்துக்குச் செல்ல வேண்டும் என்னும் நெறியை வள்ளுவப் பெருந்தகை அதில் வகுத்துள்ளார். நோய்க்குறியியல் என்னும் துறை செய்வது அந்த ஆராய்ச்சியே.

மெழுகில் பதித்த துணுக்கு

குடல்நோக்கி வழியே கிள்ளியெடுக்கும் துணுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே இருக்கும்; ஓர் அரிசிக் குருணைக்கு மேல் இராது. அது கெட்டுப் போகாதிருக்க உடனே ஃபார்மலின் கரைசலில் இடுகின்றனர். ஆய்வுக்கூடத்தில் அதிலுள்ள நீரைச் சாராயத்தால் படிப்படியாக நீக்கி, பின்னர் உருகிய மெழுகில் பதிக்கின்றனர். அந்த மெழுகுக் கட்டியைக் கூரிய இயந்திரக் கத்தியால் சீவுகின்றனர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் மூன்று முதல் ஐந்து பங்கு கனமுள்ள சீவல் அது. அதனைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி இரு சாயங்களை ஏற்றுகின்றனர். ஒன்று ஹீமடாக்சிலின், நடு அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து பெறப்படுவது. அது உயிரணுவின் கருவை நீலமாக்கும். மற்றொன்று இயோசின், அது சுற்றியுள்ள பகுதியை இளஞ்சிவப்பாக்கும்.

இதன் பின்னரே நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியின் முன் அமர்கிறார். நலமான குடலில் உயிரணுக்கள் பள்ளி மாணவர் வரிசை போல் ஒழுங்காக நிற்கும். கெடத் தொடங்கும்போது வரிசை குலையும். கருக்கள் பெருத்து அடர் நீலமாகும். அடித்தளத்தைக் கடந்து ஆழ்ந்த பகுதிக்குள் அவை ஊடுருவியிருந்தால் அது புற்றுநோய். ஊடுருவல் இல்லையெனில் இன்னும் புற்றாகவில்லை. இந்த எல்லைக் கோட்டைக் கண்டு சொல்வதே அவருடைய தீர்ப்பு. ஐயம் எழுந்தால் சிறப்புச் சாயங்கள் ஏற்றப்படும். சில வேளைகளில் மற்றொரு வல்லுநரின் கருத்தும் கேட்கப்படும். அறிக்கை வர நாள்கள் ஆவது இதனால்தான். நோயாளி அவர் முகத்தை ஒருபோதும் பார்ப்பதில்லை. ஆயினும் அறுவை, மருந்து, கதிர்வீச்சு எதுவாயினும் அவரது எழுத்தின்மீதே நடைபெறுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "கத்தி பட்டால் நோய் பரவிவிடும்" என்ற அச்சம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. குடல்நோக்கி வழியாகத் துணுக்கு எடுப்பதால் புற்று பரவிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முற்றிய நோயாளிகளே நெடுங்காலம் ஆய்வுக்குச் சென்றதால், ஆய்வுக்குப் பின் இறந்தவர்களைக் கண்டு ஆய்வே காரணம் என்று ஊர் நம்பிவிட்டது. காலம் கடந்து சென்றதே காரணம்.

நம்மவர் நிலை

கண்ணும் நுண்ணோக்கியும் கைகோத்ததால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்று போதும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்னும் நோய்க்குறியியலார், இரைப்பைத் துணுக்குகளில் வளைந்த கிருமிகளைக் கண்டார். அமிலத்தில் கிருமி வாழாது என்று பிறர் மறுத்தனர். பேரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். 1984இல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 1994இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் அக்கிருமி புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோ கியன் லீ போன்றோர் நம் நாட்டில் மேற்கொண்ட ஆய்வுகள், இக்கிருமி மலாய்க்காரரைவிட இந்தியரிடமும் சீனரிடமும் மிகுதியாக உள்ளதைக் காட்டின. ஆண்டுக்கணக்கில் "கேஸ்ட்ரிக்" என்று மருந்துக்கடை மாத்திரையையே விழுங்கிக் கொண்டிருப்போர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

உணவுக்குழல் புற்றுநோயும் நம் நாட்டில் இந்தியரிடையே கூடுதலாகக் காணப்பட்டு வந்துள்ளது. புகையிலை சேர்த்த வெற்றிலை, சிகரெட், மது ஆகிய மூன்றும் அதற்கு வழி வகுப்பவை. தாம்பூலம் மங்கலப் பொருள்தான். புகையிலையை அடக்கிக்கொண்டு நாள் முழுவதும் மெல்வது மங்கலம் ஆகாது.

எனினும் இன்று நம்மை மிகுதியாக அச்சுறுத்துவது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயே. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி மலேசிய ஆண்களிடையே அதுவே முதலிடம் வகித்தது. பெண்களிடையே மார்பகப் புற்றுக்கு அடுத்து நின்றது. அந்நோயாளிகளில் பத்தில் ஏழு பேர் அளவுக்கு மூன்றாம், நான்காம் கட்டத்திலேயே கண்டறியப்பட்டனர் என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர் என மேலை நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன.

இந்நோய் ஒரே நாளில் வருவதன்று. பெரும்பாலும் பாலிப் எனப்படும் சிறு முளையாகத் தொடங்கி, பத்தாண்டு அளவில் மெல்ல மெல்லப் புற்றாகிறது. பத்தாண்டு அவகாசத்தை இறைவன் நமக்குத் தந்திருக்கிறான். அந்த முளையை அகற்றிவிட்டால் அது புற்றாக மாறவே வழியில்லை.

இழுப்பறையில் கிடந்த கடிதம்

இப்பொழுது என் குற்றத்தை நானே சபையில் ஒப்புக்கொள்கிறேன். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இளம் வயதில் வந்திருந்தால், நாற்பது வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்துகிறதோ அப்போதே குடல்நோக்கிப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். அண்ணனின் மருத்துவர் இதை என்னிடம் சொன்னபோது எனக்கு வயது 43. எனக்கு நாளும் குறித்துக் கடிதம் தந்தார்கள். அக்கடிதத்தை அலுவலக இழுப்பறையில் வைத்தேன். வேலையைக் காரணம் காட்டி இருமுறை தள்ளிப் போட்டேன். பிறர் கோப்புகளில் "உடனடி நடவடிக்கை" என்று நாள்தோறும் எழுதும் கை, தன் கோப்பை மட்டும் மூடியே வைத்திருந்தது. வேலை ஒரு சாக்கு. உண்மையில் அச்சமும் கூச்சமுமே காரணம்.

அண்ணனின் முதலாம் ஆண்டுத் திதியன்று அண்ணி என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அவர் என்கிட்டேயே மறைச்சார். நீங்களும் உங்க வீட்டுல மறைக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். அக்கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாளே மருத்துவமனையை அழைத்தேன்.

பரிசோதனைக்கு முதல் நாள் குடலைச் சுத்தம் செய்யும் மருந்து நீரை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் பரிசோதனையில் கடினமான பகுதி அது ஒன்றே. விரதம் இருந்து பழகிய நமக்கு அது பெரிய தவமன்று. மறுநாள் காலை அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. என் குடலில் இரண்டு முளைகள் இருந்தன; ஒன்று நான்கு மில்லிமீட்டர், மற்றொன்று பன்னிரண்டு மில்லிமீட்டர். இரண்டையும் அப்போதே அறுத்தெடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள்.

அறிக்கைக்காக இரண்டு வாரம் காத்திருந்தேன். அந்த இரண்டு வாரமும் நான் வேண்டாத தெய்வமில்லை. அறிக்கையில் இரண்டுமே அடினோமா, அதாவது புற்றாக மாறக்கூடிய முளைகள், புற்று இல்லை, முழுமையாக அகற்றப்பட்டன, மூன்றாண்டுகளில் மீண்டும் வந்து பார்க்கவும் என்று இருந்தது. எனக்கு ஒரு நாளும் இரத்தம் போனதில்லை, வலியும் இருந்ததில்லை. அண்ணனின் அறிக்கையையும் என் அறிக்கையையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். அண்ணனுக்கும் முன்னொரு காலத்தில் இதே பன்னிரண்டு மில்லிமீட்டர் முளை இருந்திருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் கண்கள் கலங்குகின்றன.

செய்ய வேண்டுவன

அன்பர்களே, நான் வேண்டுவன சிலவே. மலத்தில் இரத்தம், கறுத்த மலம், புதிதாகத் தோன்றி நீடிக்கும் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு, காரணமற்ற மெலிவு, இரத்தச் சோகை, விழுங்கும்போது அடைப்பு, ஓயாத வாந்தி ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் காணுங்கள். மூலமாகவே இருக்கலாம்; ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மூலம் உள்ளவருக்கும் புற்று வரும் என்பதை மறவாதீர்கள்.

எந்தத் தொல்லையும் இல்லாத, 50 வயது நிறைந்த அன்பர்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனையைக் கேளுங்கள். 75 வயது வரை உள்ளோர்க்கு உரியது அது. ஒரு சிறு குப்பியில் சிறிது மலம் எடுத்துத் தந்தால் போதும்; உணவுக் கட்டுப்பாடு ஏதும் இல்லை. இரத்தம் உண்டு என்று வந்தால் அதுவே புற்று என்று பொருளன்று. குடல்நோக்கிப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்றுதான் பொருள். அங்கே அஞ்சிப் பின்வாங்கி விட்டால் முதற்சோதனை செய்தும் பயனில்லை. குடும்பத்தில் இந்நோய் கண்டவர்கள் 50 வயது வரை காத்திராமல் முன்னதாகவே மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். நம் வீட்டு ஆண்கள் வாய் திறக்க மாட்டார்கள். உடை தளர்ந்தால், முகம் வெளிறினால், கழிப்பறையில் நெடுநேரம் இருந்தால் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். உங்களுக்கும் அதே நிலை நேர்ந்தால் "பிள்ளைகளுக்கு ஏன் தொல்லை" என்று மறைக்காதீர்கள்.

அன்னையிடம் வேண்டுங்கள், வேண்டியபின் மருத்துவமனைக்கும் செல்லுங்கள். என் அண்ணியின் வாய் வழியாக அன்னையே என்னைக் கேட்டாள் என்று நான் நம்புகிறேன். இன்று என் வாய் வழியாக உங்களைக் கேட்கிறாள் என்று கொள்ளுங்கள். இத்திருவிழா முடிந்ததும் வரும் முதல் வேலை நாளில் கிளினிக்குக்குச் செல்வேன் என்று இங்கிருந்து பத்துப் பேராவது உறுதி பூண்டு புறப்பட்டால், அதுவே என் அண்ணனுக்கு நான் செய்யும் திதியாகும்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். அச்செல்வத்தை அன்னை மாரியம்மன் நம் அனைவருக்கும் அருள்வாளாக.